அவர் காலில் வளர்வது யாருடைய எலும்பு

என் வீட்டுக்காரருக்கு வலது முழங்காலுக்குக் கீழே நாலு விரல் நீளத்துக்கு எலும்பே இல்லாமல் போனது. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு மூட்டையோடு இறங்கிய ஜீப் வளைவில் கவிழ்ந்து அவர் காலை நசுக்கிவிட்டது. மண் ஏறி நொறுங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே தகடு பொருத்தி, காலியான இடத்தில் சிமெண்டு மாதிரி ஒரு கட்டியை வைத்தார் டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

சில வாரம் கழித்து, கட்டியை எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எடுப்பதற்கு எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"கட்டியச் சுத்தி அவர் உடம்பே ஒரு சவ்வு கட்டியிருக்கும்மா. நமக்கு அந்தச் சவ்வுதான் வேணும். அந்தப் பைக்குள்ள எலும்பு ஏறி வளர்றதுக்குச் சாரம் வைக்கப் போறோம்" என்றார் டாக்டரம்மா.

சாரம் என்றால் வீடு கட்டும்போது கட்டுகிற சாரம்தானாம். ஒரு சின்னப் புட்டியைக் காட்டினார். உள்ளே ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள். மணி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளாம். என் வீட்டுக்காரர் இடுப்பெலும்பில் கொஞ்சம் சுரண்டி இதோடு கலப்பார்களாம். ஓட்டைகளில் எலும்பு புகுந்து வளர வளர மணி கரைந்துவிடுமாம். மரவள்ளி போடுகிற எனக்கு ஜவ்வரிசி மட்டும் புரிந்தது. ஒன்றை மட்டும் டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்துத் தான் சொல்லும்வரை பாரம் தூக்கக் கூடாது. தகடு உடைந்தால் காலே போய்விடும்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான நோம்பியில் சாமிப் பல்லக்கின் முன்கம்பைத் தோளில் தாங்குகிற உரிமை என் வீட்டுக்காரர் குடும்பத்துக்கு. மூத்தவர் இவர் என்பதால் இவர்தான் பிடிப்பார். மணிகளை வைத்துத் தைத்து இவர் வீடு வந்த பிறகு, இந்த வருசம் நோம்பி சாட்டி நாள் குறித்ததும் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. இவர் காலில் மாட்டெலும்பை வைத்துத் தைத்திருக்கிறார்களாம், கம்பைத் தொடலாமா என்று. பெரியவர்கள் கூட்டம் போட்டார்கள். இவர் ஊன்றுகோலோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாட்டெலும்பு இல்லீங்க. அந்த வெள்ளை மணி சுண்ணாம்பு மாதிரி ஏதோ உப்புல செஞ்சதுங்க. சவ்வு அவரு ஒடம்பு கட்டுனது. எலும்பு அவரு இடுப்புல எடுத்தது. இதுல எதுங்க அடுத்தவங்களது?"

"அப்ப முழுக்க அவன் எலும்புதாங்கற?" என்று கேட்டார் பெரியவர் ஒருவர்.

"ஆமாங்க. முழுக்க அவரோடதுதானுங்க."

"அப்பறம் என்ன கண்ணு, அவனே தூக்கட்டும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜீப் கவிழ்ந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. நான் எதற்காகச் சண்டை போட்டேன்? அவர் தூக்க வேண்டும் என்றா, அவரைக் குறைவாகப் பேசக் கூடாது என்றா? இரண்டும் வேறு வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குள் பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பல்லக்குத் தூக்கும்போது கட்டும் வேட்டியை எடுத்து உதறினார்.

"ஏனுங்க, இந்த வருசம் கொழுந்தனாரு தூக்கட்டுங்க. எலும்பு இன்னும் சேரலைன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல."

"நீதான புள்ள முழுக்க என்னோடதுன்னு சொன்ன? இப்ப இது என் எலும்பு இல்லையா?"

கூட்டத்தில் சொன்னது பொய் இல்லை. இப்போது சொல்ல வந்ததும் பொய் இல்லை.

"ஆயிட்டு இருக்குதுங்க. இன்னும் முழுசா ஆவலீங்க" என்றேன்.

"எப்ப ஆவும்?"

போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் எத்தனையோ தடவை தூக்கிப் பார்த்திருக்கிறேன். மணியும் வெள்ளை, எலும்பும் வெள்ளை. எது கரைகிறது, எது வளர்கிறது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

"தெரியலீங்க."

அவர் வேட்டியை மடித்து என்னிடம் நீட்டினார்.

"அவன்கிட்டக் குடு" என்றார்.

கொழுந்தனார் வீடு வரைக்கும் அழுதுகொண்டேதான் போனேன்.