தோள்பட்டைத் தழும்பு

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபது வருஷமாக என் பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவள் அவள். எங்களுக்கு மடிப்பக்கா. டாக்டர் கோட்டில் அவள் வைக்கிற மடிப்பு, போட்டவர் நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தாலும் கலையாது.

எங்கள் எல்லோர் கையிலும் சூட்டுத் தழும்பு உண்டு. மணிக்கட்டில் இருக்கும், விரலில் இருக்கும். அவளுக்கு மட்டும் தோள்பட்டைக்குப் பின்னால் இருந்தது. "பெட்டி கை தவறிடுச்சுடி" என்பாள். இஸ்திரிக்காரிகளிடமே இந்தக் கதையா? கை தவறின பெட்டி முதுகுப் பக்கம் எப்படிப் போகும்? புருஷனுக்குச் சட்டையில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் போதும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லித்தானே எங்களையும் கட்டிக் கொடுத்தார்கள்.

மகள் விஷயத்தில் மட்டும் அவள் வேறு ஆளானாள். கல்யாணமான மூன்றாம் மாதம் மருமகன் மகளை அறைந்தான். சேதி வந்ததும் போட்டது போட்டபடி ஓடினாள்.

"ஒரு அறைதானே சம்பந்தி, இதுக்குப் போயா?" என்றாளாம் பையனின் தாய்.

"எனக்கும் ஒண்ணுலதான் ஆரம்பிச்சுது" என்று சொல்லிவிட்டு மகளைக் கையோடு கூட்டி வந்தாள். கோர்ட்டுக்கும் அவளே அலைந்தாள். விவாகரத்து ஆனது. மகள் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து தனி வீடு பார்த்துக்கொண்டாள். "காலம் மாறிப் போச்சுடி" என்று அக்கா சொல்லிச் சொல்லி எங்கள் காது புளித்துவிட்டது.

போன மாதம் சூடு கழுத்தில் விழுந்தது. அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன். "போதும்க்கா. மககிட்ட போயிடு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு துணியைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்ற முடிவோடுதான் போனாள்.

மகள் கழுத்தைப் பார்த்தாள், களிம்பு தடவினாள். பிறகு சொன்னாளாம்: "அப்பாவுக்குக் கை நடுங்குதும்மா. யாரு பாத்துக்குவா?"

நடுங்குகிற கைதான். குறி மட்டும் தப்பவில்லை.

"எனக்கு இப்பதான் இன்னொரு இடம் கூடி வருது. இந்த வயசுல அம்மா புருஷனை விட்டுட்டு வந்துட்டான்னா அவங்க என்ன நினைப்பாங்க? இவ்வளவு நாள் பொறுத்துட்ட. இன்னும் கொஞ்ச நாள்தானேம்மா."

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தாள். கழுத்தை மூடி ஒரு துண்டு. நடந்ததைச் சொன்னாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமான்னு கேக்க வேண்டியதுதானேக்கா?"

அவள் அடுத்த கோட்டை எடுத்து மேசையில் விரித்தாள்.

"எங்கம்மாவும் என்னை ரெண்டு தரம் இப்படித்தான் திருப்பி அனுப்பினா. ஆனா அவ வாசல்ல நின்னு அழுதாடி."