'நகரு' ஒலித்த ஞாயிற்றுக்கிழமை

என் அத்தை பாடும் ஹெவி மெட்டல் குழுவின் வரலாற்றை ரசிகர் ஒருவர் இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார். கல்யாண விருந்துகளில் 'தேன்நிலா' என்ற பெயரில் சினிமாப் பாட்டு வாசித்தவர்கள் ஒரு நாள் 'சம்மட்டி' என்று பெயரை மாற்றிக்கொண்டு சொந்தப் பாட்டில் இறங்கியது, பூச்சோங்கில் ஒரு டயர் கடையின் பின்புறத்தில் முதல் கேசட்டைப் பதிவு செய்தது, பினாங்கு, சிங்கப்பூர் மேடைகள், டிரம்ஸ்காரர் இரண்டு முறை கோபித்துக்கொண்டு போய் இரண்டு முறையும் திரும்பி வந்தது என்று எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு வரி மட்டும் மொட்டையாக நிற்கிறது. முதல் கேசட்டுக்குப் பிறகு குழு ஒரு வாரம் கலைந்திருந்ததாம், காரணம் தெரியவில்லையாம்.

காரணம் எனக்குத் தெரியும். கலைந்த குழுவை மறுபடி கூட்டியது யார் என்றும் தெரியும்.

அப்போது எனக்கு எட்டு வயது. அத்தை எங்களோடு கிள்ளானில் இருந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. பயந்து நடுங்கும் நோயாளிகள்கூட அவர் பேச்சைக் கேட்டால் வாயைத் திறந்துவிடுவார்களாம். அதே தொண்டையிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில், சரக்கேற்றிய லோரி மேடேறுவது போன்ற உறுமல் வரும். கிட்டாரும் பாஸ் கிட்டாரும் வாசித்தவர்கள் டயர் கடைக்காரரின் இரண்டு மகன்கள், சாலாக் செலாத்தானில் குடியிருந்த சீன அண்ணன் தம்பி. அத்தை எழுதும் தமிழ்ப் பாட்டு அவர்களுக்குப் பாதிதான் புரியும். ஆனால் எந்த இடத்தில் கோபம் வருகிறது என்பது சரியாகப் புரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த பாட்டு 'நகரு'. வேலைக்குப் போகும் பஸ் தினமும் நெரிசலில் நின்றுவிடும் ஆத்திரத்தில் அத்தை எழுதியது. பாட்டில் முக்கால்வாசி அந்த ஒரு சொல்தான். பள்ளியில் என் அத்தையைத் தவிர வேறு யாருடைய அத்தைக்கும் கேசட் கிடையாது. அதை நான் யாரையும் மறக்க விட்டதும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை பாட்டுப் பயிற்சிக்குப் பூச்சோங் போகவில்லை. பட்டுச்சேலை கட்டியிருந்தார். அவரைப் பெண் பார்க்கப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் பெரியப்பாவும் வந்திருந்தார்கள். எங்கள் சின்னக் கூடத்தில் சோபாவும் மேசையும் போக நடக்க இடமில்லை. அப்பா ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அத்தை காப்பி கொடுத்து முடித்து, தட்டை வைத்துவிட்டு, கேசட் ரேடியோ இருந்த அலமாரிப் பக்கம் போய் நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா அன்பாகத்தான் கேட்டார். "பொண்ணு பாடுமா?"

"கொஞ்சம் பாடும். சாமிப் பாட்டு," என்றார் அம்மா.

இது எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய பாடகியைப் போய்க் கொஞ்சம் பாடும் என்பதா?

"ஆன்டி, அத்தை பேண்ட்ல பாடுவாங்க! கேசட்டே இருக்கு லா!"

அம்மா எழுந்திருப்பதற்குள் நான் பொத்தானை அமுக்கிவிட்டேன். முந்தின நாள் நான் கேட்டு நிறுத்திய இடத்திலேயே கேசட் காத்திருந்தது.

"நகரூ!" என்று ரேடியோ அதிர்ந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா சோபாவில் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். மறுபடி "நகரூ!" மறுபடி நகர்ந்தார். அதற்குமேல் கைப்பிடிதான் இருந்தது. அம்மா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனார். அப்பா மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையைப் பார்த்து, நிறுத்து, நிறுத்து என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். கிட்டார் ஓங்கியது, டிரம்ஸ் இடித்தது. கறிபாப் பலகாரத்தைக் கையில் எடுத்த மாப்பிள்ளை அதைக் கடிக்கவே இல்லை. நான் பூரித்துப் போனேன். சாமிப் பாட்டுக்கு யார் இப்படி அசையாமல் உட்கார்ந்து கேட்பார்கள்?

பாட்டு முழுதாக முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நாங்க சொல்றோம்," என்றார்.

பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சொல்லப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

கார் கிளம்பியதும் அம்மா பிரம்பைத் தேடினார். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தை என்னைத் தன் அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"ஏன்டி ரெண்டாவது பாட்டைப் போட்ட?" என்றார். "மொதப் பாட்டுலதான்லா கிட்டார் நல்லா இருக்கும்."

அடுத்த ஞாயிறு பூச்சோங்குக்கு என்னையும் கூட்டிப் போனார். சீன அண்ணன் அத்தையைப் பார்த்ததும் மைக்கை எடுத்து மாட்டினார். அன்று தொடங்கியவைதான் இரண்டாவது கேசட்டும் அதற்குப் பின் வந்த மேடைகளும். பிறகு அத்தைக்குக் கல்யாணமும் ஆனது. ஒலிபெருக்கிகளை வேனில் ஏற்றி இறக்கிய ஒருவரோடு. போன வருடம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில், அந்த மாப்பிள்ளை வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள், 'நகரு' என்று கத்தியபோது நானும் சேர்ந்து கத்தினேன்.

அத்தைக்கு அந்த மாப்பிள்ளையைப் போட்டோவில் பார்த்தபோதே பிடித்திருந்தது என்பதும், அவருக்காகவே அந்த வாரம் டயர் கடைக்குப் போய், இனிமேல் பாட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார் என்பதும் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தன. 'நகரு' நாலு நிமிடத்துக்கும் மேலே போகும் பாட்டு. அவ்வளவு நேரமும் அத்தை ரேடியோவுக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றார். ஒரு விரலை நீட்டினால் போதும்.

நீட்டவில்லை. கண்களை மூடியிருந்தார். காலையிலேயே எழுந்து பலகாரம் சுட்டவர், பாவம், தூக்கம் வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.