அதே நிறத் தண்ணீர்

இன்று செல்வி அன்ரியோடு சிட்னியின் பரமட்டாவில் ஒரு கண்காட்சிக்குப் போனேன்.

அன்ரி 1970களில் சிட்னிக்கு வெகு தொலைவில் ஒரு சிற்றூரில் நர்ஸாக இருந்தவர். குழாயில் வந்த பழுப்புத் தண்ணீரைப் போத்தல்களில் பிடித்து, ஊர்ப் பெண்களோடு சேர்ந்து, நல்ல தண்ணீர் கேட்டு, ஊராட்சி கவுன்சிலின் வேலியில் தொங்கவிட்டார்.

அந்தப் போத்தல்கள் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள்.

அன்ரி கைப்பையிலிருந்து இன்னொரு போத்தலை எடுத்தார். போன கிழமை அதே குழாயில் பிடித்ததாம். அதே நிறம்.

காவலாளி ஓடி வந்தார். தண்ணீர் உள்ளே கொண்டுவரக் கூடாது, சிந்தினால் காட்சிப்பொருள் பழுதாகிவிடும் என்றார்.

அன்ரி என்னைப் பார்த்தார். "அங்க பிள்ளையளுக்குக் குடிக்கக் குடுக்கலாம், என்ன?"

போத்தல் இப்போது என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில்.

இதற்கும் கண்ணாடிப் பெட்டி கிடைக்க இன்னும் ஐம்பது வருடம் ஆகும். அதுவரை யார் வீட்டில் வைத்திருப்பது?