பதினொரு மணிச் சிவப்பு

கிடங்கம்மா ஒரு புதினா இலையை எடுத்துக் காதருகே வைத்து நொறுக்குகிறார். "சொல்லிடுச்சு" என்கிறார். என்ன சொன்னது என்று கேட்டேன். "நான் காஞ்சுட்டேன், மூட்டையில போடுன்னுது. வளைஞ்சு குடுக்கிற இலை நாளைக்கே பூசணம் பிடிக்கும். மனுஷங்கள்ல வளைஞ்சு குடுக்கிறவங்கதான் பொழைப்பாங்க. இங்க தலைகீழ்!"

மருந்துச் செடிகளை உலர்த்தி, சலித்து, மூட்டை கட்டி அனுப்பும் கிடங்கு அது. ஆறு அறைகள், ஆறுக்கும் பொறுப்பு இவர். வயது ஐம்பத்து மூன்று. இவர் ஆட்சியில் மூட்டை தரையைத் தொடாது, பலகை மேல்தான் உட்காரும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கவேண்டும். அந்தச் சந்தில் பக்கவாட்டாக நுழைந்து சுற்றி வருவார். "நான் பெருத்துட்டா மூட்டையத்தான் நகத்துவேன், சாப்பாட்டக் குறைக்க மாட்டேன்." சென்ட் பூசியவர்களுக்கு உள்ளே இடமில்லை. என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு வாசலில் பத்து நிமிடம் காற்றாட நிற்கவைத்தார். நின்றேன்.

மறைப்பானேன், நான் ஒரு கட்டுரையை மனத்தில் எழுதி முடித்துவிட்டுத்தான் அங்கே போனேன். இயந்திரம் தோற்றது, மூக்கு ஜெயித்தது என்று தலைப்புகூடத் தயார். கிடங்கம்மா அதில் மண்ணைப் போட்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன் கிடங்கில் செயற்கை நுண்ணறிவு புகுந்தது. அறைக்கு ஒரு சின்னப் பெட்டி. அது காற்றின் ஈரம், தூசி எல்லாவற்றையும் அளந்து, எங்கே எப்போது பூசணம் வரும், எந்தக் காற்று வேலை செய்பவர்களின் நெஞ்சுக்கு ஆகாது என்று கணித்துச் சொல்லும். நல்ல காற்று என்றால் திரை பச்சை, கெட்டது என்றால் சிவப்பு. பெண்கள் அதிமதுர வேரைச் சலிக்கும் மூன்றாம் அறையில், சில மாதங்களாகப் பதினொரு மணியானால் போதும், திரை சிவந்துவிடும். கால் மணி நேரம் கத்திவிட்டு அடங்கும். பழுதுபார்ப்பவர் இரண்டு தடவை வந்து உதட்டைப் பிதுக்கினார். மாதக் கடைசியில் பெட்டியைக் கழற்றிவிடலாம் என்றார் மேலாளர்.

அதே அறையில் சல்லடை பிடிப்பவர் கிடங்கம்மாவின் நாத்தனார். இரண்டு மாதமாக விடாத இருமல். சொந்தக் காலில் நிற்க அவருக்கு இருந்தது இந்த ஒரு வேலைதான். தூசி வேலையே ஆகாது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்க, மாதக் கடைசியோடு அவரையும் நிறுத்துவதாகக் கடிதம் தயாரானது. பெட்டியும் ஆளும் ஒரே நாளில் வெளியே.

"ரெண்டு பேரும் ஒரே அறையில கத்துறாங்க. ரெண்டு பேரையும் வெளிய அனுப்புறீங்க. அப்படி என்னதான் கத்துறாங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா சார்?" மேலாளரிடம் இப்படிக் கேட்ட கையோடு கிடங்கம்மா பெட்டியின் கட்சியில் சேர்ந்தார்.

ஒவ்வொரு தடவை சிவக்கும்போதும் திரையில் ஒரு கேள்வி வரும்: இப்போது என்ன நடக்கிறது? எல்லோரும் 'ஒன்றுமில்லை' என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் ஒன்பது நாள் திரைக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். சிவந்தாலும் சிவக்காவிட்டாலும், பதினொரு மணிக்குக் கண்ணில் பட்டது, காதில் விழுந்தது அத்தனையையும் ஒற்றை விரலால் தட்டினார். டீ வந்தது. கைவண்டி போனது. கொல்லையில் காலிச் சாக்கு உதறுகிறார்கள். மழை, சாக்கு உதறவில்லை. ஒன்பதாம் நாள் பெட்டி கணக்குப் போட்டு ஒரே வரியில் சொன்னது: சாக்கு உதறிய ஏழு நாளும் சிவப்பு, உதறாத இரண்டு நாளும் பச்சை.

கிடங்கம்மா கொல்லைக்கு ஓடினார். பதினொரு மணிக்கு நிழல் விழுவது மூன்றாம் அறைச் சுவரோரம் மட்டும்தான். சாக்குகளை அங்கே அடித்து உதறுகிறார்கள். தலைக்கு மேலே, சில மாதங்களுக்கு முன் மாட்டிய, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் மின்விசிறி. பழைய பூசணத்தூள் மொத்தமும் சல்லடைக்காரிகளின் மூக்குக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அங்கே உதறச் சொன்னது யார் தெரியுமா? சாட்சாத் கிடங்கம்மாவேதான். பதினாலு வருடம் முன்னால், விசிறி வருவதற்கு முன்பு போட்ட உத்தரவு. வேறு யாராக இருந்தாலும் மென்று விழுங்கியிருப்பார்கள். இவர் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்: "தப்பு என்னோடதுதான். ஊர் மூக்கெல்லாம் மோந்து பாத்தேன், என் உத்தரவ மோந்து பாக்கல. நாளையிலேர்ந்து சாக்கு உதறுறது கேட்டுக்கு வெளிய." நாத்தனாரிடம் தனியாகப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "அண்ணி அழுது அன்னைக்குத்தான் பாத்தேன்" என்றார் நாத்தனார்.

நான் போயிருந்தது அதற்குப் பிறகு பன்னிரண்டாவது நாள். தினமும் போலவே அன்றும் பதினொரு மணிக்கு மூன்றாம் அறையில் சல்லடைகள் நின்றன. எல்லோர் கண்ணும் திரையில். பச்சை. ஐந்து நிமிடம், பச்சை. பதினொன்றே கால், பச்சை. நாத்தனார் முகத்துணியை இறக்கி நன்றாக மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தார். இருமல் இல்லை. ஒருத்தி விசிலடித்தாள்.

மேலாளர் அந்தக் கடிதத்தோடு வந்து நின்றார். "இத இப்ப என்ன பண்றதுன்னு தெரியல" என்று நீட்டினார்.

கிடங்கம்மா வாங்கினார். படிக்கவில்லை. நான்காக மடித்து, முக்காலி மேல் ஏறி, பெட்டியின் முகத்தில் படிந்திருந்த தூசியை அதனால் அழுத்தித் துடைத்தார்.