ஃபிலிம் வைத்த சம்படம்

போன மாதம் ஒரு காலையில் என் மகள் சமையலறைத் தராசின் மேல் தன் காமிராப் பையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுக்கப் புறப்படுகிறாள். வெளியூர் போகிறவர்கள் பையை எப்படி இலேசாகக் கட்டுவது என்று செல்போனில் யாரோ பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஒரு லென்ஸை எடுத்து வெளியே வைத்தாள், மனசு கேட்காமல் திரும்ப உள்ளே வைத்தாள். கடைசியில், "ரெண்டு கிலோவுக்குள்ள அடக்கிட்டேன்ப்பா" என்றாள். அப்போது பையின் மூலையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் விழுந்தது. ஈரத்தை உறிஞ்சுகிற மணிகள் இருக்குமே, தின்னாதே என்று மேலே அச்சடித்து, அதுதான். எடுத்து மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை.

எங்கள் காலத்தில் அந்த வேலையைப் பார்த்தது வறுத்த அரிசி. வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, ஆறவைத்து, துணியில் முடிந்து காமிராவுக்குப் பக்கத்தில் போட்டுவிடுவோம். லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. வாரத்துக்கு ஒருதரம் புது அரிசி மாற்ற வேண்டும். பழையதைக் கொட்ட மனம் வராமல் நானே மென்றுவிடுவேன். தோல் உறை வாசமும் மருந்து வாசமும் ஏறிய அந்த அரிசியை இத்தனை நாள் தின்றும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். உள்ளே உட்காரவைத்து எடுக்கிற படமெல்லாம் முதலாளியுடையது. கண்டரமாணிக்கம், ஒக்கூர், நேமத்தான்பட்டி என்று பஸ் பிடித்துப் போய் எடுக்கிற கல்யாணமெல்லாம் என்னுடையது. அதற்காக ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். ஸ்டாண்டு, விளக்கு, கறுப்புத் துணி, மாற்றுக் காமிரா எல்லாம் அதற்குள். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே முறைப்பார். எனக்கோ அப்போது ஈர்க்குச்சி உடம்பு. ஒருநாள் பெட்டியை ஸ்டுடியோவிலேயே விட்டுவிட்டு ஒரு காக்கித் தோள்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "கல்யாண வீட்டுக்குப் பெட்டியோட போனாத்தான்டா மதிப்பாக. பையைத் தொங்கவிட்டுட்டுப் போனா, பசிச்சு வந்தவன்னு நெனச்சுருவாக" என்றார். நான் கேட்கவில்லை. அந்த வயதில் நான் யார் சொல்லைக் கேட்டேன்.

பையில் என்ன வைப்பது என்பதற்கு ஒரு கணக்கே வைத்திருந்தேன். இரட்டை லென்ஸ் காமிரா ஒன்று. துண்டில் சுற்றிய ஃபிளாஷ் பல்புகள். ஒரு படத்துக்கு ஒரு பல்பு, பளிச்சென்று எரிந்து அதோடு சரி. செத்த பல்புக்குக் கல்யாண வீட்டுப் பிள்ளைகளிடம் அவ்வளவு கிராக்கி. அதனால் திரும்பும்போது அந்தக் கனமும் கிடையாது. மூன்று சுருள் ஃபிலிம், சுருளுக்குப் பன்னிரண்டு படம். அந்த ஃபிலிம் தாளோடு சேர்த்துச் சுருட்டித்தான் வரும். எடுத்து முடித்த சுருளின் ஒட்டுத்தாளை நாக்கால் நனைத்து ஒட்டி, மேலே எண் போட்டு, வேர்வையும் வெயிலும் படாமல் வைக்க ஓர் உறுதியான டப்பா வேண்டும். அதற்குத் தனியாகக் கனம் ஏற்றுவானேன் என்று, மதியச் சாப்பாடு கொண்டுபோகிற எவர்சில்வர் சம்படத்தையே எடுத்துக்கொண்டேன். கல்யாண வீட்டில் சாப்பாடு போடாமலா விடுவார்கள். இந்த யோசனை தோன்றிய அன்று என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

கண்டரமாணிக்கத்தில் அந்தக் கல்யாணத்துக்கும் இப்படித்தான் போனேன். பெண்ணின் அப்பா பினாங்கில் இருந்தார். காலில் ஆபரேஷன் ஆகி, கப்பல் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் கல்யாணத்தை அவர் பார்ப்பதென்றால் என் படத்தில் பார்த்தால்தான் உண்டு. பெண்ணின் அம்மாவை ஊரே ஆச்சி என்றது, நானும் ஆச்சி என்றேன். நுழைந்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு விடாம எடுங்க. அவுக அங்க ஒத்தையில உக்காந்து பார்ப்பாக. நான் அழுதுக்கிட்டு நின்னா மட்டும் எடுத்துறாதீக."

எடுத்தேன். வளவு முற்றத்தில் வரிசையாகப் பரப்பிவைத்த சீர்ச் சாமான்கள், பங்காளிகள், தாலி கட்டுகிற திருப்பூட்டு, பெண் கும்பிட்டு எழுந்தது. மூன்று சுருளும் முடிந்து சம்படத்துக்குள் போயின. பையைச் சமையல் கட்டுப் பக்கம் ஆணியில் மாட்டிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து வஞ்சகமில்லாமல் சாப்பிட்டேன். சொல்லிக்கொண்டு, பையை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்தேன். பை கனத்தது. சாப்பிட்ட அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் வர நேரமிருந்தது. சுருள்களின் ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சம்படத்தைத் திறந்தேன். நெய் வாசம். உள்ளே நெருக்கி அடுக்கிய மாவுருண்டை.

அந்த வீட்டுக்கு எப்படித் திரும்பி ஓடினேன் என்று தெரியாது. ஃபிலிம் சுருளை ரிப்பன் மாதிரி உருவி ஓடுகிற பிள்ளைகள்தான் வழியெல்லாம் கண்ணில் தெரிந்தார்கள். ஆச்சி சமையல் கட்டு வாசலில் யாருக்கோ பாத்திரம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, சம்படத்துல இருந்ததை என்ன செஞ்சீக?"

"நாந்தான் தம்பி மாவுருண்டை வச்சேன். காலையில இருந்து நின்ன நெலையில வேலை பாத்தீக. வந்தவுக ஏனத்தை வெறுமனே குடுத்துவிடுறது எங்க வீட்டுல வழக்கமில்ல. அதுல ஏதோ தாள் சுருட்டி இருந்துச்சு, எடுத்து வச்சேன்."

"அந்தத் தாளுக்குள்ளதான் ஆச்சி கல்யாணமே இருக்கு."

அவர் முகம் வெளுத்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எங்கே வைத்தார் என்பது அவருக்கு நினைவில்லை. அன்றைக்கு அந்தக் கை எத்தனை சாமானை எங்கெங்கே வைத்திருக்கும். அலமாரியில் பார்த்தோம், பரணில் பார்த்தோம், சருகுக் கூடையைக்கூடக் கொட்டிப் பார்த்தோம். "அவுகளுக்கு நான் என்னத்தக் காட்டுவேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். தப்பு என்னுடையது. ஃபிலிமைச் சாப்பாட்டுச் சம்படத்தில் வைத்தவன் நான்.

சட்டென்று எழுந்து, "அந்தச் சம்படத்தக் குடுங்க" என்றார். வாங்கிக்கொண்டு ஆணிப் பக்கம் போய் நின்றார். மூடியைத் திறந்தார். சுருளை எடுப்பதுபோல விரலை மடக்கினார். திரும்பினார். கை தானாகப் பக்கத்திலிருந்த அரிசி அண்டாவுக்குள் போயிற்று.

முதல் சுருள் மேலேயே கிடைத்தது, கொஞ்சம் துழாவினதும் மூன்றாவது. திருப்பூட்டு இருந்த இரண்டாவதைக் காணோம். தோள்வரை கையை விட்டுத் தேடி, அதையும் எடுத்துக் கொடுத்தார். ஒட்டு ஒன்றும் விடவில்லை. "கீழ வச்சா நனைஞ்சுரும்னு அரிசிக்குள்ள போட்டுருக்கேன் பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வறுத்த அரிசிக்காரனான எனக்கும் சிரிப்பு வந்தது.

சுருள்களைத் துண்டில் முடிந்துகொண்டு, மாவுருண்டையைக் கொட்டிவிடலாம் என்று சம்படத்தை நீட்டினேன். வாங்கவில்லை. நான் ஓடிவந்ததில் உருண்டைகள் அமுங்கிக் குறைந்திருந்த இடத்தில் இன்னும் இரண்டு வைத்து மூடினார்.

ஸ்டுடியோ இருட்டறையில் இரண்டாவது சுருளைப் பிரித்தபோது ஏதோ பொட்டென்று விழுந்தது. முதலாளி அந்த அரிசியைத் தடவி எடுத்து விரலில் உருட்டிப் பார்த்து, "என்னடா, அட்சதை போட்டவுக ஃபிலிம் மேலயும் போட்டுட்டாகளா?" என்றார். நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி தகரப் பெட்டி.

படங்கள் பினாங்குக்குப் போயின. இரண்டு மாதம் கழித்து ஆச்சி ஆள் அனுப்பினார். பெண்ணின் அப்பாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. நேரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது, பெண் என் அம்மா ஜாடை, எல்லாரும் இருக்கிறார்கள், நீ மட்டும் எங்கே என்று எழுதியிருந்தாராம். பெண்ணின் அம்மா ஒரு படத்தில்கூட இல்லை. அழும்போது எடுக்காதீர்கள் என்று அவர் சொன்னதும், அவர் அன்று அழாத நேரமே இல்லை என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காமிராவும் ஒரே ஒரு சுருளுமாகப் போனேன். அதைவிட இலேசாக என் பை என்றைக்கும் இருந்ததில்லை. சமையல் கட்டு வாசலில் நின்றார். சிரிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பும்போது பையில் சீடை இருந்தது. எத்தனை பை மாற்றினாலும் அந்தப் பக்கம் போய் வந்தால் பலகாரக் கனத்தில் தோள் வலிக்கும்.

என் மகள் புறப்பட்ட மூன்றாம் நாள் வந்துசேர்ந்தாள். கண்டரமாணிக்கத்தில் ஆச்சியின் வீட்டையும் எடுத்திருந்தாள். காவலுக்கு இருந்தவர் அரை மணிநேரம் உள்ளே விட்டாராம். படம் ஒவ்வொன்றும் அருமை. சமையல் கட்டு வாசலும் இருந்தது, கதவில் பூட்டு. அண்டாவைப் பற்றிக் கேட்டேன். அப்படி எதுவும் பார்க்கவில்லை என்றாள்.

அவள் குளிக்கப் போனதும் அவளுடைய பையை எடுத்துத் தராசில் வைத்தேன். போனபோது இருந்த அதே எடைதான்.