மூன்று பாட்டில் டாக்டர்

எங்கள் கடையில் ஒரு டாக்டர் இருந்தார். மனிதர்களுக்கு அல்ல, செடிகளுக்கு. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி, மேசைமேல் மூன்று பாட்டில்கள், தலைக்கு மேலே ‘செடி மருத்துவர்’ என்று பச்சை எழுத்தில் ஒரு பலகை. அடேயப்பா, என்ன பவுசு! ரோஜா இலை எது, செம்பருத்தி இலை எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாத ஆளுக்கு இத்தனை ஜோடனை. நான் அந்தக் கடையின் பில் கவுன்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். அவருடைய மேசைக்கும் என் கவுன்டருக்கும் பத்தடி தூரம்கூட இல்லை. நான் சொல்லப்போகிற எதுவும் யாரோ சொல்லிக் கேட்டது கிடையாது. எல்லாம் நானே பார்த்து வயிறெரிந்தது.

அவர் வேலைக்கு வந்த கதையே ஒரு கூத்து. எங்கள் முதலாளிக்கு நர்சரி என்ற வார்த்தையே ஆகாது, கார்டன் சென்டர் என்றுதான் சொல்ல வேண்டும். செடிகள் நின்ற இடத்தில் பாதியைக் காலி செய்து பீங்கான் தவளை, மின்சாரத்தில் ஓடும் குட்டி அருவி, வாசனை மெழுகுவத்தி என்று அடுக்கி வைத்தார். அப்படியும் ஒருமுறை செடி வாங்கினவர்கள் மறுமுறை வரவில்லை. ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ள வாசலில் ஒரு பெட்டி வைத்து, ‘எங்களிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?’ என்று அதன்மேல் எழுதி ஒட்டினார். ஒரு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்து என்னைத்தான் சீட்டுகளைப் படிக்கச் சொன்னார்.

‘இந்தச் செடி வெயிலுக்கா நிழலுக்கா என்று அங்கே ஒருவருக்காவது தெரியுமா?’ ‘என் வீட்டில் செத்துப்போகும் என்றால் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.’ ‘சிவப்பு என்றீர்கள், மஞ்சள் பூத்தது.’ ‘தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் மண்ணே இல்லை, வேர்தான் சுருண்டு சுருண்டு கிடக்கிறது.’ ‘தவளை வேண்டாம்.’ எழுபது எண்பது சீட்டு இருக்கும். தவளையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: விற்கிற பொருளைப் பற்றி உண்மையைச் சொல்லித் தொலையுங்கள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தொடையில் ஒரு தட்டுத் தட்டி, “புரிஞ்சிடுச்சு. இவங்களுக்கு ஒரு டாக்டர் வேணும்” என்றார்.

டாக்டரைத் தேடி அவர் ரொம்ப தூரம் போகவில்லை. மனைவியின் தம்பி வீட்டில் சும்மா இருந்தார். அதற்குமுன் செருப்புக் கடையில் கால் அளவு பார்த்தார், பிறகு செல்போன் உறை விற்றார், எதிலும் ஆறு மாதம் தாண்டவில்லை. மருந்து பாட்டில் கம்பெனிக்காரர்கள் ஒரு ஓட்டல் அறையில் அரை நாள் வகுப்பு நடத்தினார்கள். மச்சான் காலையில் போனார், மத்தியானம் சாப்பிட்டார், சாயங்காலம் சான்றிதழோடு டாக்டராகத் திரும்பி வந்தார். கோட்டு அக்காவின் அன்பளிப்பு. மறுநாளே அவருடைய அம்மா கடை எண்ணுக்குப் போன் செய்து, “டாக்டர் இருக்காரா?” என்று என்னிடம் கேட்டார். பெற்ற தாய்! இருக்கிறார் என்று சொல்லி ரிசீவரைக் கொடுத்தேன்.

அவருடைய வைத்தியம் இதுதான். வாடிக்கையாளர் பிளாஸ்டிக் பையிலிருந்து மஞ்சளடித்த இலையை எடுத்து நீட்டுவார். டாக்டர் அதைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எத்தனை நாளைக்கு ஒருதடவை தண்ணி ஊத்துறீங்க?” என்பார்.

“தினமும் ஊத்துறேன் டாக்டர்.”

“அதான். ஜாஸ்தி.”

அடுத்தவர், “ரெண்டு நாளைக்கு ஒருதடவை” என்பார்.

“அதான். கம்மி.”

அதற்குப் பிறகு பாட்டில். இலை மஞ்சளானால் நீலப் பாட்டில், பூச்சி விழுந்தால் சிவப்பு, பூக்காவிட்டால் காய்க்காவிட்டால் ரோஸ். செடி செத்தே போயிருந்தால் மூன்றும். கடையின் பெயரும் ஒரு தவளைப் படமும் அச்சடித்த சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பார். ஜனங்களைச் சொல்ல வேண்டும். துணிக்கடையில் ஒரு நூல் பிரிந்திருந்தால் ஊரைக் கூட்டுகிறவர்கள், இங்கே வெள்ளைக் கோட்டைக் கண்டதும் கைகட்டி நின்றார்கள். சனிக்கிழமைகளில் வரிசை தவளைகள் வரைக்கும் நீளும்.

ஒருமுறை கடைச் சாவியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் ஜன்னலோரமாகப் பச்சைப் பசேலென்று ஒரு கொடி. பரவாயில்லையே, ஒன்றையாவது வளர்க்கிறாரே என்று நினைத்தேன். அவர் ஈரத்துணியை எடுத்து வந்து அதன் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். பிளாஸ்டிக்! “தூசிதான் அக்கா இதுக்கு ஒரே பிரச்சினை” என்றார். சிரித்து வைத்தேன். வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்படியே போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் ஒருநாள் தையல்காரம்மா வந்தார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முப்பது வருஷம் மிஷின் மிதித்தவர், கண் மங்கியதும் கடையை மூடிவிட்டுத் தம்பி வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் கடையில் ஒட்டு எலுமிச்சை என்று ஒரு செடி வாங்கிப்போய்த் தம்பி வீட்டு வாசலில் வைத்தார். அந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல ஒரு கட்டில், ஒரு பெட்டி, அந்த மரம். செடி மரமாகி, கார் நிறுத்தும் தகரக் கூரைக்கு மேலே போய்விட்டது. ஒரு பூ இல்லை.

“தம்பி பெரிய வண்டி வாங்குறான் டாக்டர். நிறுத்த இடம் பத்தலையாம். ஆறு மாசம் கெடு குடுத்திருக்கான். அதுக்குள்ள காய்ச்சா மரம் இருக்கும், இல்லேன்னா வெட்டிடுவானாம்” என்றார் முதல் நாள்.

“கவலைப்படாதீங்கம்மா” என்று சொல்லி ரோஸ் பாட்டிலை எடுத்து நீட்டினார் டாக்டர்.

மாதம் ஒரு பாட்டில். ஒவ்வொரு முறையும் அந்த அம்மா இலைகளை ஈரத்துணியில் சுற்றி, அளவு எடுத்துத் தைத்த ஒரு குட்டித் துணிப்பையில் போட்டுக் கொண்டுவருவார். மூன்றாம் மாதம் பில் போட வந்தபோது செல்போனில் மரத்தின் படத்தை என்னிடம் காட்டினார். பேத்தி படத்தைக் காட்டுகிறவர்கள் மாதிரி, பெருமையாக. நான் பார்த்தேன். அடித்தண்டைப் பெரிதாக்கி இன்னொருமுறை பார்த்தேன்.

விஷயம் இதுதான். விதை போட்டு முளைக்க வைத்த எலுமிச்சை சாவகாசமாகத்தான் பூக்கும், ஆறு வருஷமோ ஏழு எட்டு வருஷமோ ஆகும். காய்த்த மரத்துக் குச்சியை வெட்டி இளங்கன்றின் தண்டில் சேர்த்துக் கட்டினால் அது ஒட்டுச் செடி, இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும். சேர்த்த இடத்தில் பிளாஸ்டிக் டேப் சுற்றியிருக்கும். டேப் போனாலும் அடித்தண்டில் ஒரு முண்டு சாகிறவரை இருக்கும். அந்த அம்மாவின் மரத்துக்கு அடித்தண்டு வழவழவென்று நேராக இருந்தது. முள் ஒவ்வொன்றும் விரல் நீளம். சந்தேகமே இல்லை, விதைக் கன்று. ஆறு வருஷத்துக்கு முன் அந்த சீசனில் ஒட்டுச் செடி தீர்ந்துபோனபோது முதலாளி விதைக் கன்றுகளுக்கே டேப் சுற்றச் சொன்னார். கவுன்டரில் கூட்டமில்லாத நேரம் பின்கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்து சுற்றியது யார் என்கிறீர்கள்? நான்தான். இருநூறு கன்று. என் சுற்று சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டு வேறு கிடைத்தது.

படத்தைப் பார்த்துவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நல்லா செழிப்பா இருக்கும்மா” என்றேன். அவ்வளவுதான். வாயைத் திறந்தால் வேலை போகும், வேலை போனால் வீட்டு வாடகை யார் கட்டுவது என்று மனசுக்குள் ஒரு பாட்டு. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டாக்டரிடமாவது சொல்லிப் பார்ப்போம் என்று போனேன். “அந்தம்மாவோட மரம் ஒட்டு இல்லீங்க. விதைக் கன்னு. இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் விட்டா தானா காய்க்கும். அதை மட்டும் சொல்லுங்க” என்றேன்.

அவர் டிபன் டப்பாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “டேப் இருந்துச்சுல்ல? அப்ப ஒட்டுதான். மாமாகிட்டயும் கேட்டேன், ஒட்டுதான்னார். நீங்க பில்லைப் பாருங்க அக்கா.”

நான் பில்லைப் பார்க்கப் போனேன்.

ஆறாம் மாதம் தையல்காரம்மா வந்தார். இலை கொண்டுவரவில்லை. “நாளைக்குக் கெடு முடியுது. தம்பி ஒரே வார்த்தையில கேட்டுட்டு வரச் சொன்னான். காய்க்குமா, காய்க்காதா?” என்று கேட்டார். வரிசையில் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். டாக்டருக்கு அவசரம்.

“ஒட்டுச் செடி மூணு வருஷத்துல காய்க்கணும்மா. ஆறு வருஷம் ஆகியும் பூக்கலைன்னா அது மலட்டு மரம். இதுக்கு மேல வச்சிருந்து என்ன பண்ணப்போறீங்க?”

“எழுதிக் குடுத்துடுங்க. அவன் என் வார்த்தைய நம்பமாட்டான்.”

தவளைப் படம் போட்ட சீட்டில் ‘காய்க்காது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். நான் கவுன்டரில் யாரோ வாங்கிய பீங்கான் தவளைக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா என்னைத் தாண்டித்தான் வெளியே போனார். நான் தவளையின் கால் உடையாமல் பார்த்துச் சுற்றினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் திரும்ப வந்தார். அதே துணிப்பை. ஈரத்துணியைப் பிரித்து ஒரு கிளை நுனியை மேசைமேல் வைத்தார். டாக்டர் வழக்கம்போலப் பூதக்கண்ணாடியைத் தூக்கினார். இலைகளுக்கு நடுவே அரிசி அளவில் வெள்ளை மொட்டுகள், கொத்துக் கொத்தாக. என் கவுன்டரிலிருந்தே தெரிந்தது.

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. “அட! பூக்கப்போகுதும்மா. அருமையா இருக்கு. இதுக்கு எந்த மருந்தும் வேணாம். அப்படியே விட்டுடுங்க, தானா காய்க்கும்” என்றார்.

அவர் அந்த மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து சரியாகச் சொன்ன ஒரே வைத்தியம் அது.

“காலையில வெட்டியாச்சு டாக்டர்” என்றார் தையல்காரம்மா. “கூரைக்கு மேல உச்சியில இருந்துச்சு. கீழேர்ந்து யாருக்கும் தெரியல. மரம் விழுந்தப்புறம்தான் பார்த்தேன்.”

டாக்டர் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. இத்தனை வருஷமா இங்க இருக்கியே. அது ஒட்டுதானா?”

“இல்லம்மா. விதைக் கன்னு” என்றேன். “டேப்பு சுத்துனது நான்தான்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். “விதைக் கன்னுன்னு சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேனே. எனக்கென்ன அவசரம்? தம்பிகிட்ட இன்னும் ரெண்டு வருஷம் கேட்டு வாங்கியிருப்பேன்” என்றார். துணிப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். கிளையை எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் அதை ஒரு தண்ணீர் கிளாஸில் போட்டு மேசைமேல் வைத்தார். மூன்றாம் நாள் இரண்டு மொட்டு விரிந்தது. முதலாளி வந்தார், மூக்கை வைத்து முகர்ந்தார், படம் எடுத்தார், பெரிதாக அச்சடித்துப் பலகைக்குக் கீழே மாட்டினார்: ‘எங்கள் மருத்துவரின் கைராசி.’ மானம் ரோஷம் எதுவும் கிடையாது. அந்தச் சனிக்கிழமை ரோஸ் பாட்டில் தீர்ந்துபோய் இரண்டு தடவை உள்ளேயிருந்து எடுத்து வர வேண்டியிருந்தது.

அன்று கூட்டம் ஓய்ந்த பிறகு டாக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு என் கவுன்டருக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். “அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒட்டுன்னா என்னது?” என்று கேட்டார்.

இரண்டரை வருஷம் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மனுஷன் கேட்கிறார். மூஞ்சியில் காறித் துப்பலாம் போல இருந்தது. துப்பவில்லை. டேப் சுருளை எடுத்து, ஒரு குச்சியில் சுற்றிக் காட்டி, முதலிலிருந்து சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த ஆளுக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் தெரியும். நானும் சொல்லவில்லை.