பதினாறை எடுத்தது நான்தான்

மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். காத்தான்குடிப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, காற்று இந்தப் பக்கம் அடித்தால் எங்கள் ஆரையம்பதிக்கும் கேட்கும். யாரோ மௌத்து, செத்தது யாரென்று காதைக் கொடுத்தேன். "பாட்ஸ் கடை ரசாக்" என்று பெயர் வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. போகலாம் என்றாலும் எந்த முகத்தோடு போவேன்?

ரசாக் தம்பியைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ரேடியோ திருத்துகிறவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பாட்ஸ் என்கிற சின்னச் சின்னச் சாமான் விற்றவர். என்னைவிட நாலு வயது இளையவர். அவருடைய பெயரில் நான் பூசிய கறை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வாய் வராது.

என் பேத்தி டிலக்சி ஒன்பதாம் வகுப்பு. நான் ஐந்தோடு நின்றவள். அவளோ, வீட்டுக் கரண்டை ரேடியோவுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் பெட்டியொன்றைத் தன் கையாலேயே செய்ய வெளிக்கிட்டாள். ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவளுக்கு ரியூஷன் இருந்த ஒரு நாள், சாமான் வாங்க நான்தான் போனேன். அவள் துளை போட்டு வைத்திருந்த சவர்க்காரப் பெட்டியையும் அளவு பார்க்கக் கொண்டுபோனேன்.

அவள் எழுதித் தந்த துண்டில் 'கப்பாசிற்றர் 1000' என்று மட்டும் இருந்தது; கரண்டைத் தேக்கிவைக்கும் விரலளவுச் சாமான் அது.

"எத்தின வோல்ட் அக்கா?" என்றார்.

"ட்ரான்ஸ்போமர் பன்னிரண்டு எண்டு சொன்னவள்."

"அப்ப இருபத்தஞ்சு போடுவம்."

பக்கத்து லாச்சியில், இழுப்பறையில், பதினாறு என்று எழுதியது கிடந்தது. "பன்னிரண்டுக்கு இது காணாதா? எனக்கும் இலக்கம் வாசிக்கத் தெரியும் தம்பி."

சிரித்தார். "பன்னிரண்டு எண்டுதான் எழுதியிருக்கும். உள்ளுக்குப் பதினேழு, பதினெட்டுக்கும் ஏறும். உங்கட கரடியனாத்து வயல் வட்டையில வரம்ப நிக்கிற தண்ணிக்கா கட்டுவீங்க? வாற தண்ணிக்கும் சேத்துத்தானே கட்டுவீங்க."

பேசிக்கொண்டே லாச்சியைத் துழாவி, தலை ஊதியிருந்த இரண்டை எடுத்துப் பால்மா டின்னுக்குள் போட்டார். "கிடந்து பழசானது அக்கா. வித்தா எனக்கு வியாபாரம், வாங்கினவனுக்கு வெடி."

பாங்கு சொன்னது. "வெயில் தணியட்டும், இருங்க" என்று என்னை உள்ளே விட்டு, கதவைப் பாதி இழுத்துவிட்டுத் தொழப் போனார். நான் பொட்டலத்தைப் பிரித்து இருபத்தைந்தைச் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். மூடி மூடவில்லை. பதினாறு மெலிவு. அதை வைத்தால் மூடியது. பெரியதை லாச்சியில் போட்டுவிட்டுச் சின்னதைச் சுற்றிக்கொண்டேன். அவர் திரும்பி வந்ததும், "போயிட்டு வாறன் தம்பி" என்றேன். அவ்வளவுதான்.

மூன்று நாள் ரேடியோ பாடியது. நாலாம் நாள் அந்தப் பதினாறு சீறி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெடித்தது. உள்ளேயிருந்த ஈரக் கடதாசி டிலக்சியின் கன்னத்தில் வந்து ஒட்டியது. கண் தப்பியது கடவுள் புண்ணியம்.

அவளை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நான் மாற்றி எடுத்தது எனக்கு மறந்தா போகும்? பயமும் வெட்கமும் சேர்ந்தால் வாய் பெரிதாகிறது. நாலு பேர் நிற்கும்போதே கேட்டேன்: "பழைய சாமான வித்து என்ட பிள்ளைட கண்ணக் குருடாக்கப் பாத்தியா தம்பி?"

அவர் வெடித்ததைத் திருப்பி இலக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற டிலக்சியைப் பார்த்தார். "நான் மாறித் தந்திட்டன் போல அக்கா. பொறுத்துக்கங்க" என்று இருபத்தைந்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நீலச் சட்டை போட்ட ஒருவர் கையிலிருந்த சாமானை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். டிலக்சி வகுப்பில் போய், அந்தக் கடையில் வாங்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொன்னாள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அது நடந்து ஒரு வருஷம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ரசாக் தம்பி வீட்டுக்குப் போனேன். மனைவி ஹபீபா, கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அக்கா. அண்டைக்கே வந்து சொன்னவர். 'அக்கா பெட்டிய அளந்திட்டா, கரண்ட அளக்கல்ல' எண்டு சிரிச்சவர்."

"ஏன் கடையில சொல்லல்ல?"

"பேத்திக்கு முன்னால உங்கட முகம் என்னாகும் எண்டார். ஆனா அதுக்குப் பிறகு லாச்சிய நாளுக்கு ரெண்டு தரம் துழாவுவார். நல்லதையும் டின்னுக்குள்ள போட்டிருக்கார். ஒருத்தரும் பழசு எண்டு சொல்லிரக்கூடாதாம்."

வீட்டுக்கு வந்து டிலக்சிக்குச் சொன்னேன். "அப்ப நான் வகுப்பில சொன்னது, அம்மம்மா?" என்று கேட்டாள். அடுத்த நாள் அவளே வகுப்பில் எழுந்து சொல்லியிருக்கிறாள். என் பங்கை நான்தானே சொல்லவேண்டும்.

மூடியை வெட்டி இருபத்தைந்து வைத்த பெட்டி இன்றும் ரேடியோவைப் பாடவைக்கிறது. அது டிலக்சியுடையது. என்னிடம் இருப்பது வெடித்த அந்தப் பதினாறு. சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அன்று சாமானை வைத்துவிட்டுப் போன நீலச் சட்டைக்காரரே, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் கையில் இருந்தது நல்ல சாமான்.